கலேவி சொன்னதை நம்பி வந்தவள்

ஜினெத் ப்ரீஸ்புவாவுக்கு நாற்பத்தாறு வயது நடந்துகொண்டிருந்தபோது பிரெஞ்சு பேசும் சிற்றூரான லாக்-பிளாங்கின் காகித ஆலையை மூடிவிட்டார்கள். மூடப்போகிறார்கள், மூடப்போகிறார்கள் என்று ஊரில் வருடக்கணக்காகப் பேச்சு இருந்ததால், நிஜமாகவே மூடியபோது யாருக்கும் சட்டென்று நம்பிக்கை வரவில்லை. சிலர் மறுநாளும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஜினெத் போகவில்லை. அன்று பகல் முழுக்கச் சமையலறைச் சன்னல்களைக் கழற்றி ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்காரத் தெரியாத பிறவி அவள்.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. புருஷன் ரெயால் எண்ணெய் வயலில் வேலை என்று ஆல்பர்ட்டா போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். ஒரே மகள் நொயெமி சட்பரியில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு வேலை தேடித் தரும் பொறுப்பை அந்தப் பெண் தானாகவே எடுத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் போன் வரும்.

"அம்மா, அனுப்பின லிங்க் எல்லாம் பாத்தியா?"

"பாத்தேன்டி. எல்லா கம்பெனியும் ஒரே மாதிரிதான் பேசுது. எல்லாரும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறாங்க. 'நாங்கல்லாம் ஒரே குடும்பம்'ங்கறாங்க. எனக்கு இருந்த குடும்பம் போதும்."

அவள் சொன்னதில் மிகை இல்லை. ஆள் பிடிப்பதற்காகக் கம்பெனிகள் தங்கள் தொழிலாளர்களையே எழுதவைத்து இணையத்தில் போடும் கட்டுரைகள் அவை. தினமும் புதிதாகக் கற்கிறேன் என்பார் ஒருவர். என் கனவுக்கு இங்கே சிறகு முளைத்தது என்பார் இன்னொருவர். ஜினெத்தின் ஆங்கிலம் ஆலைக்குள் கற்ற ஆங்கிலம். மெஷினை நிறுத்து, ஓட்டு, கையை எடு என்பதெல்லாம் தண்ணீர் மாதிரி வரும். சிறகு முளைத்த ஆங்கிலம் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் ஊர் நூலகத்துக் கம்ப்யூட்டரில் விரல் வைத்துப் படித்துவிட்டு, களைத்துப்போய் எழுந்து வருவாள்.

அப்படி ஒருநாள் படிக்கும்போதுதான் தண்டர் பே நகரத்தில் கேரிபூ சீட் ஒர்க்ஸ் என்ற கம்பெனியின் பக்கம் வந்தது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இருக்கைகள் செய்கிற தொழிற்சாலை. அங்கேயும் பல் தெரிகிற படங்கள் இருந்தன. ஆனால் கடைசியில் இருந்த ஒரு கட்டுரையில் படம் இல்லை. அது இப்படி இருந்தது:

"என் பேரு கலேவி ரந்தலா. சீட்டுக்குச் சட்டம் வெல்டிங் பண்றேன். என்னத்தச் சொல்ல? வேலை வேலைதான். கோடையில உள்ள வெந்துபோகும். காபி நல்லாருக்காது, நான் வீட்டுலேர்ந்து கொண்டாந்துடுவேன். இங்க ஒரு தொல்லை என்னன்னா, பனியில வண்டி கிளம்பலன்னு சொல்லி ஒருநாள் நிம்மதியா வீட்ல இருக்க முடியாது. போன் பண்ணா போதும், எவனாவது வந்து கூட்டிட்டுப் போயிடுவான். என்னையே எத்தன தடவ வந்து அள்ளிட்டுப் போயிருக்காங்க. அவ்வளவுதான்."

ஜினெத் அதை விரல் வைக்காமல் படித்தாள். ஒரு வார்த்தைகூட இடறவில்லை. இன்னொரு தடவை படித்தாள். பிறகு நூலகத்து வாசலில் நின்றபடியே மகளுக்குப் போன் போட்டாள்.

"ஒருத்தர் எழுதியிருக்காருடி, மனுஷன் மாதிரி. காபி நல்லாருக்காதாம்."

"அதுக்காகவா அங்க போகப்போற?"

"காபி நல்லாருக்காதுன்னு சொல்றவர் மத்ததுலயும் பொய் சொல்லமாட்டாரு."

அந்த அக்டோபரில் வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, பதினோராம் நம்பர் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க மேற்கே ஓட்டிக்கொண்டு போனாள். வழியில் இரண்டு தடவை மூஸ் மான் குறுக்கே வந்தது. ஒரு தடவை அவளே காரை ஓரங்கட்டி, திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள். திரும்பிப் போனால் துடைக்கச் சன்னல்கூடப் பாக்கியில்லை என்று தோன்றியது. வண்டியை எடுத்தாள்.

வேலை கிடைத்துவிட்டது. தையல் பிரிவு. தடித்த ரெக்சினை இருக்கைக்கு உறையாகத் தைக்கவேண்டும். லாக்-பிளாங்கில் அவள் காகிதத்தாள் வெட்டும் மெஷினில் இருந்தவள். காகிதம் சொன்னதைக் கேட்கும், ரெக்சின் கேட்காது. மூலை திரும்பும் இடத்தில் முரண்டு பிடித்துச் சுருங்கும். முதல் மாதம் தைத்ததில் பாதியைப் பிரித்துத் திரும்பத் தைத்தாள். பக்கத்துப் பிரிவில் ஸ்பாஞ்ச் ஒட்டுகிற பசையின் நெடி சாயங்காலம்வரை தலைக்குள்ளேயே நின்றது. யாரோடும் அதிகம் பேசவில்லை. கலேவி ரந்தலாவைத் தூரத்திலிருந்து பார்த்தாள். வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, யார்மீதோ கோபமாக இருப்பவர் மாதிரி நடந்துபோகிற நெட்டை மனிதர். அறுபது வயது இருக்கும். போய்ப் பேச அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஜனவரியில் ஒரு வாரம் குளிர் கடுமையாக இறங்கியது. அந்த ஊரில் காரின் முகத்திலிருந்து ஒரு வயர் தொங்கும். ராத்திரி அதைச் சுவர்ப் பிளக்கில் செருகி வைத்தால்தான் இஞ்சின் உறையாமல் காலையில் கிளம்பும். ஜினெத் வாடகைக்குப் பிடித்த வீட்டில் வெளியே பிளக் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் சாவியைத் திருப்பினாள். கார் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிட்டது.

சேர்ந்து மூன்றே மாதம். இந்த நேரத்தில் வேலைக்கு வராமல் நின்றால் என்ன நினைப்பார்கள்? பஸ்ஸும் அந்தப் பக்கம் போகாது. கையுறையைக் கழற்றிவிட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்தது டானா. ஆள் சேர்க்கிற பிரிவில் இருக்கும் பெண்.

"டானா, நான் ஜினெத். தையல். என் கார் கிளம்பமாட்டேங்குது. மன்னிச்சுக்குங்க, நான் இன்னைக்கு..."

"எங்க இருக்கீங்க? தெருப் பேரு மட்டும் சொல்லுங்க."

சொன்னாள். கால் மணிகூட ஆகியிருக்காது, துருப்பிடித்த பழைய பிக்கப் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து தலையை நீட்டியவர் கலேவி.

"நீதான் ஜினெத்தா?"

"ஆமா சார்."

"சாரா? யாரும்மா சாரு! ஏறு. கதவ ரெண்டு தரம் இழுத்து அறைஞ்சாத்தான் சாத்திக்கும்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டுக்கு நடுவில் ஒரு பெரிய பிளாஸ்க் இருந்தது. பிக்கப் கிளம்பியது. ஜினெத்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"நெட்டுல அத எழுதினது நீங்கதானே? வண்டி கிளம்பலன்னா வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு."

கலேவி ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டினார். "நான் எங்க எழுதினேன்! மத்தியானம் மீன் சாண்ட்விச் தின்னுட்டு இருந்தேன். இந்த டானா பொண்ணு போன நீட்டிக்கிட்டு வந்து உக்காந்தா. 'சும்மா பேசுங்க கலேவி, சும்மா பேசுங்க'ன்னா. வாய்ல மீனோட கொஞ்சம் புலம்பினேன். அவ அத அப்படியே டைப் அடிச்சுப் போட்டுட்டா. நான் குறையா சொன்னதும்மா அது! ஒருநாள் படுத்துத் தூங்க விடமாட்டேங்கறாங்கன்னு சொன்னேன்!"

"நான் அதப் படிச்சுட்டுதான் இங்க வந்தேன்."

"எங்கேர்ந்து?"

"லாக்-பிளாங்."

கலேவி கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்தார். "லாக்-பிளாங்கா? அது உலகத்தோட அந்தக் கோடியில்ல இருக்கு." அடுத்த திருப்பத்தில் வண்டியை வளைத்துக்கொண்டே, "இப்ப யாருக்கு வண்டி நின்னாலும் ஆபீஸ்ல என்னைத்தான் கூப்பிடறாங்க. நீங்கதானே எழுதினீங்கங்கறாங்க. நான் வெல்டரா, டாக்சியா?" என்றார். அப்புறம் பிளாஸ்க்கை அவள் பக்கம் தள்ளினார். "குடி. கம்பெனி காபிய மட்டும் தொடாத."

அன்று சாயங்காலம் அவரே அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டார். சனிக்கிழமை ஒரு நீள வயரையும் துளை போடுகிற மெஷினையும் எடுத்துக்கொண்டு வந்து, வீட்டுக்காரரிடம் போனில் அனுமதி கேட்டுவிட்டு, வெளிச்சுவரில் பிளக் ஒன்று வைத்துக்கொடுத்தார். கூட வந்த அவர் மனைவி சிர்க்கா, ஏலக்காய் போட்டுப் பின்னிச் சுட்ட ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஜினெத் நன்றி சொல்ல வாயெடுத்தாள். கலேவி பதறிப்போனார்.

"வேணாம் வேணாம். அதெல்லாம் சொன்னா எனக்குக் காது கூசும்."

"அவர விடும்மா," என்றாள் சிர்க்கா. "கல்யாணத்தப்போ பாதிரியார் வாழ்த்தினதுக்கே இவர் நெளிஞ்சாரு."

அதற்குப் பிறகு ஜினெத் அந்த இடத்தில் ஒருத்தியாக மெதுவாகச் சேர்ந்துகொண்டாள். ரெக்சினை மூலையில் எப்படி மடக்கினால் சுருங்காது என்பது கைக்கு வந்தது. மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி அமைந்தது. அவள் ஆங்கிலத்தைக் கேலி செய்தார்கள். அவளும் ஃபின்லாந்து வாடை அடிக்கும் கலேவியின் ஆங்கிலத்தைக் கேலி செய்தாள். நொயெமி ஈஸ்டருக்கு வந்து பார்த்துவிட்டு, "அம்மா, நீ சிரிக்கறதப் பாத்தே எவ்ளோ நாளாச்சு," என்றாள். ஜினெத்துக்கு அது அதுவரை தெரியவே தெரியாது.

வந்து ஒரு வருடம் ஆன சமயத்தில் இடி விழுந்தது. பெரிய நகரம் ஒன்று பஸ் வாங்குவதை நிறுத்திவைத்தது. கேரிபூவில் பாதி வேலை அந்த ஆர்டரை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்களைக் குறைக்கவேண்டும் என்ற பேச்சு வந்தது. கடைசியாக வந்தவர்தான் முதலில் போகவேண்டும், அதுதான் சங்கத்தின் சட்டம். ஜினெத்துக்குப் பின்னால் வந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவள் அன்றே வீட்டுக்குப் போய் அட்டைப்பெட்டிகளை எடுத்து வைத்தாள். அழவில்லை. இது அவளுக்குப் பழகிய பாடம்.

சங்கம் சாப்பாட்டு அறையில் கூட்டம் போட்டது. இன்னொரு வழியும் இருக்கிறது என்றார்கள். யாரையும் அனுப்பாமல், எல்லோரும் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலை செய்யலாம். மீதி நாளுக்கு அரசாங்கம் கொஞ்சம் கொடுக்கும். எல்லோருக்கும் வருமானம் குறையும், ஆனால் யாரும் வெளியே போகவேண்டாம். இதைத் தொழிலாளர்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும்.

முதலில் எழுந்தவர் வாரன். மெஷின்களைப் பழுது பார்க்கிறவர், கம்பெனியில் ரொம்ப காலம் இருப்பவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்.

"நான் மனசுல இருக்கறத சொல்லிடறேன். என் வீட்டுக் கடன் இன்னும் முடியல. என் பொண்டாட்டிக்கு முதுகுல ஆபரேஷன் ஆயிருக்கு. இத்தன வருஷம் இங்க கெடந்ததுக்கு எனக்கு இருக்கறது கடைசியா வந்தவன்தான் மொதல்ல போவான்ங்கற இந்த ஒரு பாதுகாப்புதான். அத இப்ப விட்டுக்கொடுன்னா, நான் எதுக்கு இத்தன வருஷம் கெடந்தேன்?"

அறையில் பலர் தலையை ஆட்டினார்கள். ஜினெத்தும் உள்ளுக்குள் தலையை ஆட்டினாள். அந்த மனிதர் சொன்னதில் என்ன தப்பு? லாக்-பிளாங்கில் அவளே அவர் இடத்தில் இருந்திருக்கிறாள்.

வாரன் உட்கார்ந்தார். பிறகு பின்னாலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கலேவி எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் பார்த்ததில்லை.

"வாரன் சொல்றது நியாயம்," என்றார். "எனக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்கு. எனக்கும் ஓய்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கு. நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இந்தப் பொண்ணு நெட்டுல நான் உளறினதப் படிச்சுட்டு, இருந்த வீட்ட விட்டுட்டு இங்க வந்து நிக்குது. அது மட்டும் இல்ல, இன்னும் மூணு பேரு அப்படித்தான் வந்திருக்காங்கன்னு டானா சொல்றா. வண்டி நின்னா வந்து கூட்டிட்டுப் போவோம்னு சொல்லி ஆளக் கூப்பிட்டது நாம. கம்பெனி இல்ல, நாம. இப்ப அனுப்பறதா இருந்தா அனுப்புங்க. ஆனா அதுக்கு முன்னாடி என் பேர அந்த நெட்டுலேர்ந்து எடுத்துடுங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். காது இரண்டும் சிவந்திருந்தன.

வாக்குச்சீட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். சிறிய வித்தியாசத்தில் மூன்று நாள் வேலை என்பது ஜெயித்தது. யாரும் கைதட்டவில்லை. வெளியே போகும்போது வாரன் ஜினெத்தைத் தாண்டிப் போனார், முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷின் பழுதானால் வருவார், சரிசெய்வார், போய்விடுவார்.

அந்தக் குளிர்காலம் எல்லோருக்கும் இறுக்கமாகத்தான் போனது. ஜினெத் தொலைக்காட்சி இணைப்பை நிறுத்தினாள். கலேவி மீன்பிடிக்கப் போய், உறைந்த ஏரியில் துளை போட்டுப் பிடித்ததைப் பகிர்ந்து கொடுத்தார். வேலை இல்லாத நாட்களில் தையல் பிரிவுப் பெண்கள் ஒருத்தர் வீட்டில் கூடி, எல்லோருடைய பிள்ளைகளின் குளிர்க்கோட்டுகளையும் தைத்துச் சரிசெய்தார்கள். வாரன் வீட்டுக் கோட்டுகளும் வந்தன. அவர் மனைவி கொடுத்தனுப்பியிருந்தாள். அவற்றின் ஜிப்புகளை ஜினெத்தே தைத்தாள். யார் தைத்தது என்று யாரும் சொல்லவில்லை.

கோடையில் ஆர்டர் திரும்ப வந்தது, கூடவே ரயில் இருக்கைகளுக்கு இன்னொரு புது ஆர்டரும் வந்தது. இப்போது ஆள் போதவில்லை. டானா ஒருநாள் மத்தியானம் ஜினெத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஜினெத், ஒரு உதவி வேணும். நம்ம நெட் பக்கத்துக்கு நீங்க ஒண்ணு எழுதணும்."

"நானா? என் ஆங்கிலத்துலயா?"

"கலேவியோட ஆங்கிலத்துல வந்தவங்கதான் இங்க நெலச்சு இருக்காங்க. அழகா எழுதினதப் பாத்து வந்தவங்க ஓடிட்டாங்க. சொல்ல வெக்கமா இருக்கு, அந்த அழகானதெல்லாம் நான் எழுதினது."

ஜினெத் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினாள். முதலில் பிரெஞ்சில் எழுதிப்பார்த்தாள். அதில் தன் குரல் ரொம்ப நன்றாக இருப்பதுபோல் பட்டது, சந்தேகம் வந்தது, கிழித்துப்போட்டாள். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே எழுதினாள். பசையின் நெடியில் முதல் மாதம் தலை வலிக்கும் என்று எழுதினாள். பெண்கள் உடை மாற்றும் அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று எழுதினாள். மூன்று நாள் வேலை செய்த குளிர்காலத்தைப் பற்றி எழுதினாள். "என்னை வைத்துக்கொள்வதற்காக இங்கே சிலர் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள்," என்று எழுதினாள். "அவர்களில் சிலருக்கு அதில் இஷ்டமில்லை. ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவரும் மூன்று நாள்தான் வந்தார். அவரும்தான் என்னை வைத்துக்கொண்டவர்."

மேனேஜர் கீத் ஆல்வுட் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் அந்தத் தாள்கள் இருந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பக் கழற்றினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ரெண்டு தரம் படிச்சேன், நெஜமா. ஆனா இந்த ஹீட்டர்..."

"அது வேலை செய்யல கீத்."

"அது தெரியுது. இத ஊரே படிக்குமே."

"சரி பண்ணிட்டீங்கன்னா அந்த வரிய எடுத்துடறேன்."

ஆல்வுட் அவளையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "எத்தன நாளா கெட்டுக் கெடக்கு?"

"நான் வந்ததுலேர்ந்து."

"சே. யாரும் எங்கிட்ட சொல்லலியே."

"சொன்னாங்க."

"...சொல்லியிருப்பாங்க," என்று ஒத்துக்கொண்டார்.

அந்த வாரமே ஆள் வந்து ஹீட்டரைச் சரிசெய்தான். செய்தி தையல் பிரிவு முழுக்கப் பரவிவிட்டது. ஆளாளுக்கு ஜினெத்திடம் வந்தார்கள். "மைக்ரோவேவ் பத்தி ஒரு வரி போடு." "வண்டி நிறுத்தற எடத்துல பனி வாரமாட்டேங்கறாங்க, அதையும் சேத்துக்க." கலேவி மட்டும் கடுகடுவென்று வந்தார். "என் பேர எதுக்குப் போட்ட? போதாதா எனக்கு?" என்றார். அவள் அவர் பெயரை எடுக்கவில்லை. அவரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சிர்க்கா அதை அச்சடித்து ஃபின்லாந்தில் இருக்கும் தன் தங்கைக்கு அனுப்பிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

கட்டுரை வெளியான மறுநாளோ அதற்கடுத்த நாளோ, ஜினெத் மெஷினில் குனிந்திருந்தபோது நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். வாரன்.

"அந்த ஆளு நான்தானே?"

"ஆமா."

வாரன் மெஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். "பெல்ட் கத்துது. பல நாளா கத்துது, எனக்குக் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. நீ ஏன் சொல்லல?"

"நீங்கதான் எங்கிட்டப் பேசறதில்லையே."

"ம்." கருவிப்பெட்டியைத் தரையில் வைத்தார். "எந்திரி. பத்து நிமிஷம் ஆகும்."

பெல்ட்டை மாற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "கோட்டுக்கு ஜிப்பு வச்சது நீன்னு என் பொண்டாட்டி சொன்னா," என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கேட்டில் பார்த்தபோது, "என்ன, குளிரு ஆரம்பிச்சாச்சு," என்று அவராகவே சொன்னார். ஜினெத்துக்கு அந்த நாள் முழுக்க மனசு லேசாக இருந்தது.

கட்டுரையைப் படித்துவிட்டு லாக்-பிளாங்கிலிருந்து மூன்று பேர் விண்ணப்பம் போட்டார்கள். அவர்களில் ஒருத்திக்கு வேலை கிடைத்தது. பெயரைக் கேட்டதும் ஜினெத் கையில் இருந்த கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டாள். ஒதெத். ரெயாலின் அக்கா. உன் வாய்க்கு பயந்துதான் என் தம்பி ஓடினான் என்று தேவாலயத்து வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்ன நாத்தனார்.

"வேணாம்னா சொல்லுங்க," என்றாள் டானா. "வேற பிரிவுல போட்டுடலாம்."

ஜினெத் கொஞ்சம் யோசித்தாள். ஒதெத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆலை மூடியதிலிருந்து அக்கம்பக்கத்தில் வீடு துடைக்கப் போய்க்கொண்டிருந்தாள் என்று நொயெமி சொல்லியிருந்தாள். "இங்கயே போடுங்க," என்றாள். "தையல் அவளுக்கு நல்லா வரும். ஊர்ல கல்யாண உடுப்பெல்லாம் அவதான் தைப்பா."

ஒதெத் முதல் நாள் வந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒதெத்தான் முதலில் பேசினாள், பிரெஞ்சில்.

"நீ எழுதினதப் படிச்சேன்."

"தெரியும்."

"மூணு தரம் படிச்சேன். நீயா இப்படி எழுதினன்னு நம்ப முடியல. வீட்ல என் தம்பிகூட இருந்தப்போ நீ பேசி நான் கேட்டதே இல்ல."

"என் வாய்க்கு பயந்து ஓடினான்னு நீதானே சொன்ன."

ஒதெத் முகம் சுருங்கியது. பையின் வாரை இழுத்து இழுத்து விட்டாள். "சொன்னேன். என் தம்பி ஓடினதுக்கு யார் மேலயாவது பழி போடணும்னு இருந்துச்சு. என்னால அவன் மேல போட முடியல." மூக்கைச் சுளித்துக்கொண்டு, "பசை நெடின்னு எழுதியிருந்த. இவ்ளோ நாறும்னு எழுதலியே," என்றாள்.

"ஒரு மாசம். அப்புறம் மூக்கு செத்துரும்."

"சரி, எங்க உக்காரணும் சொல்லு."

ஜினெத் தன் பக்கத்து மெஷினைக் காட்டினாள். ஒதெத் உட்கார்ந்து, ஊசியின் கீழே ரெக்சினைத் தள்ளிப்பார்த்தாள். அது மூலையில் முரண்டு பிடித்தது. ஒதெத் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், தேவாலயத்துப் பாத்திரங்களின் பெயர்களைக் கோர்த்துத் திட்டுகிற லாக்-பிளாங் வழக்கப்படி. ஜினெத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. இத்தனை தூரம் தள்ளி வந்து, தன் ஊர்த் திட்டைத் தன் பாஷையில் கேட்கக் கிடைக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். நாத்தனாரின் பின்னால் போய் நின்று, அவள் கைமேல் தன் கையை வைத்து, ரெக்சினை மெதுவாகத் திருப்பிக் காட்டினாள்.

"அவசரப்படாத. இதுக்குக் கொஞ்சம் நேரம் கொடு. தானா வளையும்."